கப்பல் எஞ்சினின் அளவுக்கம்பி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் யாரும் யாரையும் வெட்டப்போவதில்லை. ஒரு மண்வெட்டி வரும், அதுவும் வாய்க்காலை மறிக்கத்தான். ஆனால் பேச்சு கொஞ்சம் காரமாக இருக்கும். மனசு மெலிந்தவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள், போதும்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, டவுன் பஸ் திரும்பி நிற்கிற இடத்திலிருந்து அரை மைல் உள்ளே போனால் ஒரு பங்குக் கிணறு. கிழக்கே ஜெயக்கொடியின் மல்லிகைத் தோட்டம். மேற்கே அவளுடைய கொழுந்தன் வெள்ளைத்துரையின் கத்தரிக்காடு. கிணற்று மேட்டில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஓடுவது கடலில் ஓடவேண்டிய ஒரு எஞ்சின்.

ஜெயக்கொடியின் மாமனார் சோலை, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் உடைக்கப் போட்டிருந்த ஒரு மீன்பிடிப் படகிலிருந்து அதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரெண்டு சிலிண்டர். பேர்த்தகட்டை உப்பு தின்றுவிட்டது. ஊர் அதற்கு வைத்த பேர் கப்பல். கடல் எஞ்சின் கிணற்றுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு ரேடியேட்டர் கிடையாது. கீழே கிடக்கிற தண்ணீரையே உறிஞ்சித் தன் உடம்பைக் குளிரவைத்துக்கொண்டு வெளியே துப்பிவிடும். கடலுக்கும் அது போதும், கிணற்றுக்கும் அது போதும். மெதுவாக ஓடும், நாள் பூராவும் ஓடும்.

ஊரெல்லாம் இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓடும்போது இவர்கள் மட்டும் ஏன் டீசலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்றால், அதுதான் பகை. கிணறு பொதுவில் இருந்தால் மற்றப் பங்காளி கையெழுத்துப் போட்டால்தான் மின்வாரியத்தில் மனுவை வாங்குவார்கள். ஜெயக்கொடியின் புருஷன் இறந்த கையோடு அவள் தன் பேரில் மனு எழுதினாள். "ஆம்பள நான் இருக்கயில பொம்பள பேருல கரண்டா?" என்றான் வெள்ளைத்துரை. அவன் தன் பேரில் எழுதினான். "மூத்தவுக பங்குக்கு நான் உசுரோட இருக்கயில எளையவன் பேருல கரண்டா?" என்றாள் அவள். ரெண்டு மனுவும் ரெண்டு வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன. அன்றோடு ரெண்டு பேருக்கும் பேச்சு நின்று நாலு வருஷம்.

பேச்சு நின்றதே தவிர முறை நிற்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன் அவளுக்குத் தண்ணீர். வியாழன், வெள்ளி, சனி அவனுக்கு. ஞாயிறு எஞ்சினுக்கு ஓய்வு. கொட்டகைச் சங்கிலியில் ரெண்டு பூட்டைக் கோத்துவிட்டிருந்தார்கள். அவள் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடும், அவன் பூட்டைத் திறந்தாலும் விடும். எண்ணெய் குறைந்தால் யார் முறையில் குறைகிறதோ அவர்கள் ஊற்றவேண்டும். எண்ணெய் மாற்றுகிற வேலையும் ஆளுக்கொரு தடவை.

போன தையில் மாற்றுவது ஜெயக்கொடி முறை. சோலை காலத்திலிருந்து கப்பலுக்கு ஊற்றியது ஒரே எண்ணெய், நாற்பதாம் நம்பர். கெட்டியாக, கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். அவளுடைய மருமகன் செல்வக்குமார் கப்பலூர்ப் பக்கம் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறான். "அத்த, இன்னுமா அந்தப் பழைய சரக்க ஊத்துறீக? இது பெரிய பெரிய லாரிக்கெல்லாம் ஊத்துறது. எஞ்சின உள்ளயே கழுவி எடுத்துரும்" என்று ஒரு கேன் கொடுத்தனுப்பினான். இளையவன் மலிவு எண்ணெய் ஊற்றட்டும், நான் ஒசத்தி ஊற்றுகிறேன் என்று அவளுக்கும் ஒரு இது. பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வாள், சொல்லுங்கள்?

மாசியில் அடுத்த சண்டை. "எண்ணெய் அளவக்கூடப் பாக்காம ஓட்டுறாக. எஞ்சின் செத்தா என்னையத்தான் கேப்பாக" என்று அவன் கொட்டகைத் தகரத்தைப் பார்த்துச் சொன்னான். அவள் தன் பூக்கூடையைப் பார்த்து, "அளவுக் கம்பியே எங்க வீட்டுக்காரர் அடிச்சது. அதுல பாக்குறதுக்கு இவனுக்கு என்ன பாத்தியத?" என்றாள். அது உண்மைதான். கப்பலோடு வந்த கம்பி ஒடிந்துபோனதால், அவள் புருஷன் சைக்கிள் கம்பி ஒன்றைத் தட்டி நேராக்கி, அரத்தால் ரெண்டு வெட்டுப் போட்டுச் செய்து வைத்திருந்தான். கீழ்வெட்டுக்குக் குறையக்கூடாது, மேல்வெட்டைத் தாண்டக்கூடாது. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவள் அந்தக் கம்பியை உருவிச் சேலைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய், அரிசி டிரம்முக்குள் நட்டு வைத்தாள். எஞ்சினில் கம்பி இருந்த துளையை ஒரு துணிச்சுருளால் அடைத்தாள்.

மறுநாள் வெள்ளைத்துரை, "கம்பியக் காணோம்" என்று கத்தினான். அவள் முந்திக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்: "அவனே களவாண்டுட்டு அவனே கத்துறான்."

தப்புத்தான். அவளை ஏசாதீர்கள், இன்னும் இருக்கிறது.

பங்குனி பாதியில் எஞ்சின் முகப்பில் இருக்கிற எண்ணெய் பிரஷர் மீட்டர் முள் இறங்க ஆரம்பித்தது. வெள்ளைத்துரை தன் முறையில் அதைப் பார்த்தான். அளந்து பார்க்கக் கம்பி இல்லை. முள் இறங்கினால் எண்ணெய் குறைகிறது என்று அவன் நினைத்தான். 'பாவி, அவ முறையில எண்ணெய வடிச்சு எடுக்குறா' என்று ஒரு லிட்டர் நாற்பதாம் நம்பரை ஊற்றினான். அடுத்த வாரம் முள் இன்னும் இறங்கியது. இன்னொரு லிட்டர். அதற்கடுத்த வாரம் ரெண்டு.

ஜெயக்கொடி தன் முறையில் பூக்கூடைக்குள் மறைத்துக் கம்பியைக் கொண்டுவந்து அளந்து பார்ப்பாள். எண்ணெய் மேல்வெட்டைத் தாண்டி நின்றது. அடுத்த வாரம் இன்னும் மேலே. எண்ணெய் எங்கேயாவது தன்னால் ஊறுமா? 'தண்ணிய ஊத்திட்டான்' என்று அவளுக்குத் தோன்றியது. கிணற்றுத் தண்ணீரை எண்ணெய்க்குள் ஊற்றினால் மாசக்கணக்கில் தெரியாது, ஒருநாள் எல்லாம் பிடித்து இறுகிவிடும். தன் மல்லியைக் காயவிடுவதற்குத்தான் செய்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

சித்திரை பிறந்த இரண்டாம் சனிக்கிழமை, அவன் முறையில், கப்பலுக்குள் லொட்டு லொட்டென்று யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வெள்ளைத்துரை ஓடிப்போய் நிறுத்தினான். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

கத்தரி ஒரு வாரம் தாங்கும். மல்லி தாங்காது. கவாத்து வெட்டி, உரம் வைத்து, இப்போதுதான் மொட்டு விடுகிற செடி. இந்த வெயிலில் எட்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் மொட்டு சிவந்து உதிரும். பத்து நாளென்றால் செடியே போகும். முப்பது வரிசை. மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டுக்கு அவள் கூடை போகவில்லை என்றால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஜெயக்கொடி கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சியது புதன்கிழமை.

திங்கள்கிழமை விடிந்ததும் மதுரை பஸ் ஏறினாள். நெல்பேட்டையில் முகமது யாசீன் பாய்க்குச் சின்னப் பட்டறை. தூத்துக்குடித் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் படகு எஞ்சின் பார்த்தவர். சோலை காலத்திலிருந்தே கப்பலுக்கு வைத்தியர் அவர்தான்.

"புதன்கிழமை வந்துருங்க பாய்" என்றாள்.

"வியாழக்கெழமதான் முடியும் தங்கச்சி."

"வியாழக்கெழம அவன் முறை பாய். நீங்க சரி பண்ணி ஓட்டுனீங்கன்னா தண்ணி அவனுக்குப் போயிரும்."

"முறையாவது மண்ணாவது. மொதல்ல எஞ்சின் உசுரோட இருக்கான்னு பாப்போம். நாப்பதாம் நம்பர் ரெண்டு கேன் கொண்டுட்டு வாரேன்."

வியாழன் காலை ஏழு மணிக்கு யாசீன் பாய் பஸ்ஸை விட்டு இறங்கினார். தோளில் சாக்குப் பை, கையில் ரெண்டு பத்து லிட்டர் கேன். கொட்டகை வாசலில் கிழக்குப் பக்கம் ஜெயக்கொடி. மேற்குப் பக்கம் வெள்ளைத்துரையும் அவன் பெண்டாட்டி பாண்டீஸ்வரியும். நடுவில், ஜெயக்கொடிக்கு எஞ்சின் சுற்றிக் கொடுக்கிற கூலியாள் பேயாண்டி, பல்குச்சியோடு. இன்னும் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க.

பாய் குனிந்தார். துளையில் இருந்த துணிச்சுருளை விரலால் தொட்டார்.

"இது என்ன? எஞ்சினுக்கு மூக்குல பஞ்சு வச்சிருக்கீங்க. செத்தவனுக்குத்தானப்பா பஞ்சு வைப்பாக. அளவுக்கம்பி எங்க?"



"அதத்தான் களவாண்டுட்டாங்களே பாய்" என்றாள் ஜெயக்கொடி.

"பாய், யாரு களவாண்டதுன்னு அவங்கள வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க" என்றான் வெள்ளைத்துரை.

"ஊருக்கே தெரியும், பாய்க்குத் தெரியாதா?"

"ஏன் பாய், சைக்கிள் கம்பியக் களவாண்டு நான் என்ன சைக்கிளா செய்யப் போறேன்?"

பேயாண்டி சிரித்துவிட்டான். ஜெயக்கொடி பார்த்த பார்வையில் வாயை மூடினான்.

"கம்பிய விடுங்க பாய்" என்றாள் அவள். "எண்ணெய்க்குள்ள தண்ணி ஊத்திருக்கு. அத மட்டும் எல்லார் முன்னாலயும் பாத்துச் சொல்லுங்க. எண்ணெய் வாராவாரம் ஏறுது."

வெள்ளைத்துரை சட்டென்று திரும்பினான். "ஏறுதா? கம்பி இல்லாம ஏறுறது எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேளுங்க பாய்."

ஜெயக்கொடி முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஊத்துற வாய் வழியாப் பாத்தேன்" என்றாள். பாய் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி இருக்கா இல்லையான்னு அஞ்சு நிமிசத்துல சொல்லிரலாம். ஒரு தோசக்கல்லும் அடுப்பும் வேணும்."

பாண்டீஸ்வரி வீடுதான் பக்கம். "என் கல்லுல அந்தக் கருப்பு எண்ணெய ஊத்தவா? பெறகு எம்புள்ளைக டீசல் தோசையா திங்கும்?" என்றாள் அவள். ஜெயக்கொடி தன் வீட்டுக்குப் போய்த் தன் கல்லைக் கொண்டுவந்தாள். மூன்று கல்லை வைத்துச் சுள்ளி கூட்டினார்கள். கல் காய்ந்தது.

பாய் ஒரு குச்சியை எஞ்சினுக்குள் விட்டு எண்ணெயில் தொட்டு எடுத்தார். "காதத் தீட்டிக்கங்க. தண்ணி ஒரு சொட்டு கலந்திருந்தாலும் கடுகு வெடிக்கிற மாதிரி வெடிக்கும்."

எல்லாரும் குனிந்தார்கள். ஜெயக்கொடி அந்தச் சத்தத்துக்காகத்தான் மூன்று வாரமாகக் காத்திருந்தாள். அது வெடித்துவிட்டால் அவள் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும், சொன்ன பொய்யும் அதற்குள் கரைந்துபோகும்.

சொட்டு கல்லில் விழுந்தது. பரவியது. கொஞ்சம் புகைந்தது. சத்தமே இல்லை.

பாய் இன்னொரு சொட்டு விட்டார். அதுவும் அப்படித்தான்.

"தண்ணி இல்ல" என்றார்.

வெள்ளைத்துரை மெதுவாகத் தோள் துண்டை எடுத்து உதறினான். "தண்ணி ஊத்துனேன், கம்பி களவாண்டேன். இன்னும் என்னென்ன செஞ்சேன்னு ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க பாய். வண்டியூர்த் தெப்பக்குளம் வத்துனதும் என்னாலதானான்னு கேளுங்க."

"அப்ப எண்ணெய் எப்படி ஏறுச்சாம்?" என்றாள் அவள், கல்லையே பார்த்தபடி.

"வடிச்சுப் பாத்தாத் தெரியும்" என்றார் பாய்.

கீழே இருக்கிற திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தார். ஐந்து லிட்டர் கேனில் பிடித்துப் பிடித்து ஊற்றினார்கள். கப்பலுக்கு ஒன்பது லிட்டர்தான் கணக்கு. ரெண்டு கேன் நிரம்பி மூன்றாவதிலும் பாதிக்குமேல் விழுந்தது. பதின்மூன்று. நுரை வேறு.

"யாரு ஊத்துனது?"

"நாந்தான் ஊத்துனேன்" என்றான் வெள்ளைத்துரை. "முள்ளு எறங்குச்சு. எண்ணெய அவங்க வடிக்கிறாங்கன்னு ஊத்துனேன்."

"நான் எதுக்குடா வடிக்கப் போறேன்? தாளிக்கவா?" அவள் பேயாண்டியைப் பார்த்துக் கேட்டாள். பாவம், அவன் என்ன சொல்வான்.

பாய் கையைக் காட்டி நிறுத்தினார். "எண்ணெய் கூடிப்போனா உள்ள சுத்துற ஷாப்ட் அதுல அடிச்சு மோர் கடையும். நுரைக்கு எங்கருந்து பிரஷர் வரும்? ஆனா மொத மொதல்ல முள்ளு எறங்குனதுக்குக் காரணம் இது இல்ல. அது வேற."

அடித்தட்டைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் முனையில் ஒரு சல்லடை இருக்கும். அதை வெளியே எடுத்துக் காட்டினார். சல்லடைக் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. வண்டிமசகு மாதிரி கருப்பாக, பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது.

"பாத்தீகளா! மண்ணு!" என்று ஜெயக்கொடி எழுந்துவிட்டாள். "தண்ணி இல்லேன்னா மண்ண அள்ளிப் போட்டிருக்கான்."

"வாய மூடு தங்கச்சி" என்றார் பாய். அவர் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. "இது மண்ணு இல்ல. இது எஞ்சினோட சொந்த அழுக்கு. தையில என்ன எண்ணெய் ஊத்துன? கேனக் கொண்டா."

கேன் வந்தது. பாய் அதில் ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்து, மோந்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல எண்ணெய். இது மேல குத்தம் இல்ல. புது எஞ்சினுக்கு இதுதான் ஊத்தணும். இதுல சோப்பு மாதிரி ஒரு மருந்து கலந்திருக்கும், அழுக்கச் சேரவிடாது. ஆனா இது முப்பத்தஞ்சு வருசமா நாப்பதாம் நம்பர் குடிச்ச கெழட்டு எஞ்சின். அழுக்கெல்லாம் செவத்துல ஒட்டிக் காஞ்சு, அது பாட்டுக்குச் செவனேன்னு கெடந்துச்சு. நீ இத ஊத்துன. அம்புட்டும் பேந்து, கீழ எறங்கி, சல்லடையில போயி ஒக்காந்துருச்சு. எண்ணெய் மேல ஏற வழியில்ல. முள்ளு எறங்குச்சு. அவன் பாத்து மேல மேல ஊத்துனான். நீ பாத்து தண்ணின்ன." பாய் சல்லடையை ஒரு தகரத்தில் தட்டினார். "ஒரு வார்த்த பேசிருந்தா அன்னைக்கே நான் பஸ் ஏறி வந்திருப்பேன்."

வெள்ளைத்துரைக்கு அது போதும். "கேட்டுக்கங்கப்பா எல்லாரும்" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னான். "எஞ்சினக் கொன்னது யாருன்னு பாய் சொல்லிட்டாரு. ஒசத்தி எண்ணெயாம் ஒசத்தி எண்ணெய்."

"சாகல. இன்னும் சாகல" என்று பாய் முனகினார். "ஆளுக்கு ஒரு பக்கம் போங்க. வேல பாக்க விடுங்க."

பேரிங் தேய்ந்திருந்தது, ஷாப்ட் பிழைத்திருந்தது. பழைய காலத்து எஞ்சின் என்பதால் அந்தப் பேரிங்கின் உள்பூச்சு ஈயம். சுரண்டிச் சுரண்டிப் பதம் பார்த்து மாட்டிவிடலாம். பாய் சாக்கை விரித்து உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டுவார், ஷாப்ட்டில் வைத்துப் பார்ப்பார், மறுபடி சுரண்டுவார். பாண்டீஸ்வரி டீ கொண்டுவந்து பாய்க்கு ஒரு கிளாஸ், புருஷனுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தாள். பேயாண்டிக்குக்கூடக் கொடுத்தாள். தூக்கில் டீ மிச்சம் இருந்தது ஜெயக்கொடிக்குத் தெரியும்படியே மூடி வைத்தாள்.

வெயில் ஏறியது. ஜெயக்கொடி வரப்பில் உட்கார்ந்து தன் செடிகளைப் பார்த்தாள். இலைகள் மடங்கியிருந்தன. ஓர வரிசையில் மொட்டுகள் சிவந்திருந்தன. எட்டாவது நாள். இன்றைக்கு எஞ்சின் ஓடினாலும் வியாழன், வெள்ளி, சனி அவன் முறை. ஞாயிறு ஓய்வு. திங்கள்கிழமை வருவதற்குள் பன்னிரண்டு நாளாகிவிடும்.

மதியம் ஒரு மணிக்குப் பாய் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். சல்லடை மண்ணெண்ணெயில் கழுவி மினுமினுத்தது. எண்ணெயை ஊற்றவேண்டியதுதான். பாய் கேனைத் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கம்பி வேணும்."

"அதான் இல்லையே பாய். ஒம்பது லிட்டர அளந்து ஊத்திருங்க" என்றாள்.

"நான் ஊத்திருவேன். நான் பஸ் ஏறுனதும் நாளைக்கு அவன் முள்ளப் பாத்து ஊத்துவான். திங்கக்கெழம நீ எதையோ பாத்து எதையோ நெனப்ப. கடல்ல இந்தமாரி கம்பி இல்லாத எஞ்சின நாங்க கரையவிட்டு எறக்க விடமாட்டோம். அளவுக்கம்பி இல்லாம நான் ஸ்டார்ட் பண்ணமாட்டேன். நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன்."

"புதுசா ஒண்ணு அடிச்சிரலாமே" என்றான் பேயாண்டி.

"எந்த எடத்துல வெட்டுப் போடுறது? பழைய கம்பி இருந்தாத்தான் அதப் பாத்துப் புதுசு. இல்லேன்னா அடுத்த வாரம் நான் மறுபடி வந்து, தொறந்து, அளந்துதான் செய்யணும்."

அடுத்த வாரம். ஜெயக்கொடி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

நான் சொல்வதை நம்புங்கள், அந்த நடை அவளுக்குச் சுலபமாக இல்லை. அரிசி டிரம்மைத் திறந்து கையை விட்டபோதுகூட அவளுக்கு இன்னொரு வழி தோன்றத்தான் செய்தது. வரப்போரம் போட்டுவிட்டு, 'இங்க கெடந்துச்சு' என்று எடுத்துக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. கம்பி முழுக்க அரிசித்தவிடு ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைக்கப் போனவள், துடைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வந்தாள்.

கொட்டகைக்குள் எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். தவிட்டைப் பார்த்தார்கள். பாண்டீஸ்வரி வாயில் கையை வைத்தாள்.

ஜெயக்கொடி நாலு வருஷத்தில் முதல் தடவையாக வெள்ளைத்துரையின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "நாந்தேன் வச்சிருந்தேன்."

"ஊரு பூரா என்னையக் களவாணின்னு சொன்னீகளே மதினி."

"சொன்னேன்."

"எம் மாமனாரு ஊரு வரைக்கும் சொல்லி விட்டிருக்கீக."

"ஆமா."

"தெரிஞ்சே சொன்னீக."

"தெரிஞ்சேதான்."

அவன் தாடை அசைந்தது. ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று வேடிக்கை பார்த்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். அவன் பாயிடம் திரும்பினான். "பாய், நல்லாக் கேட்டுக்கங்க. இன்னைக்கு வியாழக்கெழம. என் முறை. நாளைக்கும் என் முறை, நாளன்னைக்கும் என் முறை. ஒரு குடம் தண்ணி விட்டுக்குடுக்க மாட்டேன். யாரும் எங்கிட்ட வந்து கேக்க வேணாம்னு சொல்லிருங்க."

"நான் கேக்கவே இல்லையே" என்றாள் ஜெயக்கொடி.

"கேக்க மொகம் வேணுமில்ல" என்றாள் பாண்டீஸ்வரி.

பாய் கம்பியை வாங்கித் துடைத்தார். முதல் கேனைத் திறந்து ஊற்றினார். கம்பியை விட்டு எடுத்துப் பார்த்து, மேல்வெட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தினார். "இது கழுவுற எண்ணெய். ரெண்டு மணி நேரம் ஓட்டி, சூட்டோட வடிச்சிரணும். மிச்சமிருக்குற அழுக்கு இதுல வந்துரும். பெறகு சல்லடைய மறுபடி கழட்டிப் பாத்து, ரெண்டாவது கேன ஊத்துனாத்தான் எஞ்சின் உங்க கைக்கு வரும். அதுவரைக்கும் இது என் கையில."

வெள்ளைத்துரை கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். பாய் நெம்புகோலைத் தட்டிவிட்டார். கப்பல் ஒருமுறை இருமியது, ரெண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. லொட்டுச் சத்தம் இல்லை. முள் ஏறி நின்றது. குழாய் வழியே தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது.

தொட்டியிலிருந்து வாய்க்கால் ரெண்டாகப் பிரியும். அன்றைக்கு அவன் முறை என்பதால் கிழக்கு வாய் மண்ணால் அடைத்திருந்தது. தண்ணீர் மேற்கே திரும்பியது.

"பாய், இந்த ரெண்டு மணி நேரத் தண்ணி யாரு முறையில சேரும்?" பேயாண்டி கேட்டான். அவனுக்கு எப்போதும் சந்தேகம்தான்.

பாய் நிமிரவில்லை. "எஞ்சின் இன்னும் என் கையிலதான் இருக்கு. இது யாரு முறையும் இல்ல. எஞ்சினக் கழுவுற தண்ணி."

வெள்ளைத்துரை மண்வெட்டியை எடுத்தான். ஜெயக்கொடி தன் இடத்திலேயே நின்றாள். அவன் வாய்க்காலுக்குப் போய், மேற்கு வாயில் நாலு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தான். கிழக்கு வாயை ஒரே கொத்தில் உடைத்துவிட்டான். தண்ணீர் திரும்பி மல்லிக்குள் ஓடியது.

"கழுவுன தண்ணி எங்காட்டுக்கு வேணாம்" என்று தொட்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "வேண்டாததெல்லாம் அந்தப் பக்கமே போகட்டும்."

ஜெயக்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள். ஒரு வரிசை நனைந்ததும் கையாலேயே மண்ணை அணைத்து அடுத்ததைத் திறந்தாள். எட்டு நாள் காய்ந்த மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது, நகரவே விடவில்லை. பேயாண்டி கூட வந்து ரெண்டு கை கொடுத்தான்.

சரியாக ரெண்டு மணி நேரத்தில் வெள்ளைத்துரை எஞ்சினை நிறுத்தினான். அரை நிமிஷம்கூடக் கூடுதலாக விடவில்லை. வாய்க்காலில் கடைசித் தண்ணீர் இருபத்தோராவது வரிசையில் போய் நின்றது. ஒன்பது வரிசை காய்ந்து கிடந்தது. ஜெயக்கொடி தெருக்குழாயிலிருந்து அந்த மூன்று நாளும் குடம் குடமாகச் சுமந்து ஐந்து வரிசையைக் காப்பாற்றினாள். நாலு வரிசை போய்விட்டது.

பாய் சூட்டு எண்ணெயை வடித்து, சல்லடையைப் பார்த்து, ரெண்டாவது கேனை ஊற்றினார். கம்பியை அதன் துளையில் செருகினார். துணிச்சுருளைத் தூக்கிக் கிணற்றுமேட்டுக்கு அந்தப் பக்கம் எறிந்தார். "மூணு வாரம் கழிச்சு இந்த எண்ணெயையும் மாத்திருங்க. நாப்பதாம் நம்பர், வேற எதுவும் வேணாம். கரண்டு வாங்கிட்டா என்னையக் கூப்புட வேண்டிய வேலையே இருக்காது."

"அவங்க கையெழுத்துப் போடட்டும்" என்றான் அவன்.

"அவன் போடட்டும்" என்றாள் அவள்.

"சரிதான். அடுத்த மாசம் பாப்போம்" என்று பாய் பஸ்ஸுக்கு நடந்தார்.

களவாணி என்று சொன்ன வாயால், அவள் ஞாயிற்றுக்கிழமை டீக்கடை முன்னால் நின்று, கம்பி தன்னிடம்தான் இருந்தது என்று சொன்னாள். எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் சொன்னாள். வெள்ளைத்துரை உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தான், வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

திங்கள்கிழமை காலை ஜெயக்கொடி தன் பூட்டைத் திறந்து கொட்டகைக்குள் போனாள். ஒரு லிட்டர் நாற்பதாம் நம்பரைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். மூன்று நாள் அவன் ஓட்டியிருக்கிறான், குறைந்திருக்கும், குறைத்தும் வைத்திருப்பான் என்றுதான் நினைத்தாள். கம்பி அதன் துளையில் இருந்தது. உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய் ரெண்டு வெட்டுக்கும் நடுவில் நின்றது.

இன்னொரு தரம் துடைத்து இன்னொரு தரம் பார்த்தாள். அதே இடம்.

மூடி திறக்காத கேனை மூலையில், அவனுடைய கேனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எஞ்சினைச் சுற்றப் பேயாண்டியைக் கூப்பிட்டாள்.